பட்டறையும் பட்டமும்: நகைத் தொழிலுக்கு எது வழி?

பிளஸ் டூ முடித்த பெண்ணோ பையனோ நகை வடிவமைப்பில் ஆர்வம் காட்டினால், வீட்டில் பேச்சு இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் நான்காண்டுப் பட்டப்படிப்பு: நுழைவுத் தேர்வு, விடுதி, பல லட்சம் ரூபாய் கட்டணம், கடைசியில் ஒரு பட்டமும் நிறுவன வேலையும். இன்னொரு பக்கம் கோவையிலோ நாகர்கோவிலிலோ ஒரு பட்டறையில் உட்கார்ந்து கற்பது: செலவில்லை, சான்றிதழும் இல்லை, கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள எதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஆறு மாதம், ஓராண்டு என்று டிப்ளமோக்கள் பெருகிக் கிடக்கின்றன. எதை நம்புவது என்று பெற்றோர் குழம்புவதில் வியப்பில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலோகத்தைத் தானே உருக்கி, இழுத்து, ஊதிப் பழகாதவர் நகை வடிவமைப்பில் வெகுதூரம் போவது அரிது. ஆகவே கைவேலைதான் அடிப்படை. ஆனால் அந்தக் கைவேலையைக் கற்றுத்தர இன்றைய பட்டறை மட்டும் போதாது. கல்லூரியும் இன்றுள்ளபடி போதாது. இரண்டும் பிரிந்து கிடப்பதுதான் நோய். எது உயர்ந்தது என்ற வாதம் அந்த நோயை வளர்க்கிறது.

இந்தப் பிரிவு ஆதியிலிருந்தே இருந்ததில்லை. பதினைந்தாம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸ் நகரில் கலைப் பள்ளி என்று தனியாக எதுவும் கிடையாது. பொற்கொல்லர் பட்டறைதான் கலைப் பள்ளி. பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தை எழுப்பிய புரூனலெஸ்கி முறைப்படி பதிவுபெற்ற பொற்கொல்லர். ஞானஸ்நான மண்டபத்தின் வெண்கலக் கதவுகளை வார்த்த கிபெர்ட்டி, பொற்கொல்லரான வளர்ப்புத் தந்தையிடம் தொழில் பயின்றவர். பின்னாளில் பெரும் ஓவியரான ஜெர்மனியின் டியூரர், ஓர் ஓவியரிடம் போய்ச் சேரும் முன் தன் தந்தையின் நகைப் பட்டறையில் உளி பிடித்தார். பிறகு 1563இல் ஃபிளாரன்ஸில் கலைக்கென்றே ஓர் அகாடமி பிறந்தது. ஓவியரும் சிற்பியும் சிந்திப்பவர்கள், கைவினைஞர் செய்பவர் என்ற பிளவு அங்கிருந்து மெல்ல ஊன்றியது.

நம் ஊரிலும் இதே கதை, காலம் மட்டும் வேறு. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளி, விரைவிலேயே தொழிற்கலைகளுக்கான பள்ளியாக வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்பிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் முயற்சியைக்கூடத் தொடங்கினார். 1929இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்ற பின் அதன் முகம் ஓவியம், சிற்பம் என்று நுண்கலைப் பக்கம் திரும்பியது. அதனால் நமக்கு அருமையான ஓவியர்கள் கிடைத்தார்கள். ஆனால் தொழிற்கலை என்ற பழைய நோக்கம் பின்தங்கிப்போனது. பட்டறைக்காரருக்கும் அந்த வளாகத்துக்கும் இடையே போக்குவரத்து அற்றுப்போனது.

ஐரோப்பாவில் சில ஊர்கள் இந்த இடைவெளியைத் தொழில் நலன் கருதியே அடைத்தன. ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் 1767இல் பாடன் ஆட்சியாளர் கார்ல் ஃபிரீட்ரிஷ் ஓர் அநாதை இல்லத்தில் கடிகார, நகைத் தொழிலுக்கு இடம் கொடுத்தார். அந்த ஊரின் பொற்கொல்லர் பள்ளி தன் தொடக்கத்தை 1768 என்று கணக்கிடுகிறது. இன்றும் ஜெர்மனியில் பொற்கொல்லர் பயிற்சி மூன்றரை ஆண்டு: பட்டறையில் சம்பளத்தோடு வேலை, கூடவே தொழிற்பள்ளியில் உலோகவியல், கணக்கு, வரைகலை, முடிவில் கைவேலைத் தேர்வு. அதே ஃபோர்ட்ஸ்ஹைமில் பல்கலைக்கழக மட்டத்தில் நகை வடிவமைப்புப் பட்டமும் உண்டு. ஒருவர் இங்கிருந்து அங்கே போகலாம், அதில் யாருக்கும் தாழ்வு இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் நகை வியாபாரிகளின் சங்கமும் ஊர்க் கலைப் பள்ளியும் கைகோத்து, 1890இல் விட்டோரியா தெருவில், பட்டறைகளின் நடுவிலேயே நகைப் பள்ளியைத் திறந்தன. இன்று அது பர்மிங்காம் சிட்டி பல்கலைக்கழகத்தின் பகுதி.

அமெரிக்க அனுபவம் இன்னும் கூர்மையானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே கல்லூரிகளில் உலோகக் கலைப் பாடங்கள் பெருகின, ஆனால் வெள்ளியைத் தட்டி வளைக்கத் தெரிந்த ஆசிரியர்கள் போதவில்லை. மார்கரெட் கிரேவர் என்ற வெள்ளிக் கலைஞர், ஹாண்டி அண்ட் ஹார்மன் என்ற உலோக நிறுவனத்தின் ஆதரவோடு, 1947 முதல் 1951 வரை கல்லூரி ஆசிரியர்களுக்கென்றே கோடைப் பட்டறைகள் நடத்தினார். ஐரோப்பாவிலிருந்து கைதேர்ந்த வெள்ளிக் கொல்லர்களை வரவழைத்தார்கள். அந்தப் பட்டறைகளில் சுத்தியல் பிடித்த ஆல்மா ஐக்கர்மன், ஜான் பால் மில்லர் போன்றவர்கள்தான் பின்னர் அந்நாட்டின் புகழ்பெற்ற உலோகக் கலைத் துறைகளை வளர்த்தார்கள். கல்லூரி வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆசிரியரின் கை முதலில் பழக வேண்டும் என்றார்கள். நம் வடிவமைப்புக் கல்லூரிகள் இந்த ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டால்கூடப் பாதிக் குறை தீரும்.

தனிமனிதர்களின் வாழ்க்கையைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. நகைக் கலையின் போக்கையே மாற்றிய ரெனே லலீக், பதினாறு வயதில், 1876இல், பாரிஸின் லூயி ஓகோக் பட்டறையில் பழகுநராகச் சேர்ந்தார். மாலையில் அலங்காரக் கலைப் பள்ளி வகுப்புக்குப் போனார். வைரம்தான் நகை என்றிருந்த காலத்தில் கொம்பையும் கண்ணாடியையும் எனாமலையும் பொன்னோடு சேர்க்கும் துணிச்சல் வரைகலைக் கல்வி தந்தது என்றால், அவை உடையாமல் சேரும் நுட்பம் பட்டறை தந்தது.

கலைக் கல்லூரியின் பக்கம் வலுவாகப் பேசுகிற ஒரு படைப்பும் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஓட்டோ குன்ஸ்லி 1980இல் ஒரு கைவளை செய்தார். கறுப்பு ரப்பர்க் குழாய், அதில் ஓரிடத்தில் புடைப்பு. உள்ளே ஒரு தங்க உருண்டை. அணிந்தவர் அதைப் பார்க்க முடியாது, நம்பத்தான் வேண்டும். தங்கம் கண்ணை மறைக்கும் என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார். எவ்வளவு பவுன் என்று கேட்டே நகையை மதிப்பிடும் நம் சமூகத்துக்கும் சேர்த்துக் கேட்ட கேள்வி அது. இப்படி ஒரு கேள்வியைப் பட்டறை எழுப்பாது. எழுப்ப அதற்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் குன்ஸ்லி பொற்கொல்லர் வேலை கற்றுவிட்டுத்தான் மியூனிக் கலை அகாடமிக்குப் போனார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்த ஹெர்மன் யூங்கரும் ஹானாவ் நகரின் தொழிற்பள்ளியில் கைவேலை பழகிய பிறகே அகாடமிக்கு வந்தவர். கருத்துக் கலையின் உச்சத்தில் இருப்பவர்கள்கூடக் கையிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள்.

இதற்கு மாறான சான்றை மறைப்பது நேர்மையாகாது. கோவாவில் பிறந்து பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்த அம்பாஜி ஷிண்டே, தூரிகையால் புகழ் பெற்றவர். பம்பாயின் நானுபாய் ஜுவல்லர்ஸில் மன்னர்களுக்காக நகை வரைந்தார்; 1960களில் நியூயார்க் சென்று ஹாரி வின்ஸ்டன் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளராக உயர்ந்தார். அவர் தீட்டிய வண்ண வரைபடங்களே கலைப் பொருள்களாக மதிக்கப்படுகின்றன. கலைப் படிப்பு மட்டும் ஒருவரை உச்சிக்குக் கொண்டுபோகும் என்பதற்கு அவரைக் காட்டலாம். ஆனால் கல்லும் பொன்னும் கையாளப்படும் இடத்திலேயே அவர் பல ஆண்டுகள் உட்கார்ந்து வரைந்தார். இன்று பட்டம் வாங்கிய மாணவருக்குக் கணினித் திரை கிடைக்கிறது, அந்த அண்மை கிடைப்பதில்லை.

நம் பட்டறையில் என்ன நடக்கிறது? கோவையின் பெரியகடை வீதி, வைசியாள் வீதி, செல்வபுரம் பகுதிகளில் மாடிப்படிக்கு அடியிலும் சந்து வீட்டிலும் நகை பிறக்கிறது. புதிதாக வரும் பையன் முதலில் எடுபிடி. தரைத் தூசியைக்கூடக் கூட்டிச் சேர்த்து வைக்க வேண்டும், அதிலும் பொன் இருக்கிறது. பிறகு கம்பி இழுப்பான், தகடு தட்டுவான், அரத்தால் ராவுவான். வெங்காரம் தடவி, பற்றவைக்கும் பொடி வைத்து ஊதுவதற்கு அவனை விட நாளாகும், ஏனென்றால் நொடி தவறினால் நகையே உருகிப்போகும். இப்படி ஆண்டுக்கணக்கில் செய்யும்போது உலோகத்தின் நிறம் மாறுவதைப் பார்த்தே சூட்டைச் சொல்லும் கண் வருகிறது. இந்த அறிவைப் புத்தகத்தில் எழுதலாம், புத்தகத்திலிருந்து எடுக்க முடியாது.

அதே பட்டறையில் ஒரு பெருங்குறையும் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அங்கே தப்புச் செய்ய உரிமை கிடையாது. கையிலிருப்பது கடைக்காரர் எடைபோட்டுக் கொடுத்த தங்கம். குறையும் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். ஆகவே பழகுபவனுக்கு எது நன்றாக வருகிறதோ அதையே திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். சங்கிலி செய்பவர் ஆயுள் முழுக்கச் சங்கிலி, கல் பதிப்பவர் கல், மெருகு போடுபவர் மெருகு. பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர் ஒரு முழு நகையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தனியாகச் செய்ததே இல்லை என்பது அங்கே சாதாரணம். நல்ல பள்ளியின் பெரிய கொடை செம்பும் வெள்ளியும்தான். ஒரு மோதிரத்தைப் பத்து முறை கெடுத்து, பதினோராவது முறை சரியாகச் செய்யலாம். கெடுத்த பத்தும்தான் பாடம். அந்த வாய்ப்பைத் தராத கல்லூரி, எவ்வளவு பெரிய கட்டடத்தில் இருந்தாலும், நகைக் கல்வி தரவில்லை.

பட்டறைக்கு இல்லாத இன்னொன்று வேதியியல். நம் கடை வாசல்களில் ‘கேடிஎம்’ என்ற எழுத்து ஒரு காலத்தில் தரத்தின் அடையாளமாகவே நின்றது. பழைய பொடியில் செம்பும் வெள்ளியும் கூடுதலாக இருந்ததால் நகையின் மாற்று குறைந்தது. அதற்குப் பதிலாகக் காட்மியம் கலந்த பொடி (அதுவே கேடிஎம்) வைத்தால் மாற்று குறையாது. தங்கம் உருகுவது 1064 டிகிரி செல்சியஸில். காட்மியமோ 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஊதுபவரின் மூக்கு அதற்கு ஓரடி தூரத்தில். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். குருவிடமிருந்து சீடனுக்குக் கையோடு கை வந்த கல்வியில் இந்த இரண்டு எண்களும் இல்லை. பின்னாளில் துத்தநாகம் முதலியவை சேர்ந்த பொடிகள் வந்தன. ஆனால் அதற்குள் எத்தனை மார்புகள் கெட்டன என்று கணக்கெடுக்க ஆளில்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று வகுப்பறையை ஒதுக்குபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கல்லூரியின் குறை கணினி முன் வெளிப்படுகிறது. ரைனோ, மேட்ரிக்ஸ் போன்ற மென்பொருள்களில் வரைந்து, மெழுகில் முப்பரிமாணமாக அச்சிட்டு, சுண்ணக் கலவையில் புதைத்து, மெழுகை எரித்து, அந்த வெற்றிடத்தில் பொன்னை வார்ப்பது இன்று நடைமுறை. திரையில் எதுவும் நிற்கும்: கல்லைக் கவ்வும் நுனி முடி போல மெலிந்திருந்தாலும் விழாது. வார்ப்பில் உலோகம் சுருங்கும், அரம் கொஞ்சம் தின்னும், மெருகு கொஞ்சம் தின்னும். கடைசியில் கல் விழுந்துவிடும். எடையும் அப்படித்தான். ஒரு கிராம் மெழுகு, 22 காரட் தங்கமாகும்போது ஏறத்தாழ 18 கிராம். பவுன் விலை ஏறிக் கிடக்கும் நாளில், இரண்டு பவுனில் முடிய வேண்டிய நகை மூன்று பவுனுக்குப் போனால் வாங்க ஆள் வராது. ஒரு பருவம் பட்டறையில் ராவிய மாணவி இந்தப் பிழையைச் செய்ய மாட்டார். ராவாதவரின் வரைபடத்தைப் பெயர் தெரியாத ஓர் ஆசாரி சத்தமில்லாமல் திருத்திக் கொடுக்கிறார். சம்பளம் வரைந்தவருக்கு, திருத்தியவருக்குக் கிராம் கணக்கில் கூலி. கடை ரசீதில் தங்க விலை, செய்கூலி, சேதாரம், கல் விலை, வரி எல்லாம் இருக்கும். திருத்திய அறிவுக்கு அதில் ஒரு வரியும் கிடையாது. பட்டறைப் பிள்ளைகள் கல்லூரியைச் சந்தேகத்தோடு பார்ப்பதன் காரணம் இதுதான், அது நியாயமான சந்தேகம்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைச் சாதியை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1909இல் ‘இந்தியக் கைவினைஞர்’ என்ற நூலை எழுதிய ஆனந்த குமாரசாமி, யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்தவர். குலவழித் தொழிற்கல்வியின் அழகை அவரைப்போல் உயர்த்திப் பிடித்தவர் குறைவு. தந்தையின் மடியிலேயே தொழில் கற்பதில் ஓர் ஆழம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த மடி யாருக்கு உண்டு, அதிலிருந்து எழுந்து போக யாருக்கு அனுமதி உண்டு என்று நம் மண் கேட்டது. 1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று கொண்டுவந்த திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, அடுத்த ஆண்டே காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் பொற்கொல்லர் தொழிலும் ஒன்று. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்பதையும் பதினெட்டு வயதே போதும் என்பதையும் மறுத்த தமிழக அரசு, 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தை, முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, குல நிபந்தனை இல்லாமல் கொண்டுவந்தது. அந்த மறுப்பில் எனக்கு முழு உடன்பாடு. பதினெட்டு வயதில் கல்லூரி வாசலில் நிற்க வேண்டிய பிள்ளையைக் கடனும் கருவியும் கொடுத்துத் திருப்பி அனுப்பக் கூடாது.

ஆனால் ஒன்று விடுபட்டுப்போகிறது. முப்பத்தைந்துக்கு மேல் கடன் உண்டு, பதினெட்டில் பொதுக் கல்லூரி உண்டு. பதினெட்டு வயதில், எந்தச் சாதியில் பிறந்திருந்தாலும், நகைக் கைவேலையை மரியாதையோடும் பட்டத்தோடும் கற்க ஓர் இடம் எங்கே? ஒன்றிய திட்டத்தின் அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய ஒரு வாரம். ஜெர்மனியின் மூன்றரை ஆண்டு எங்கே, இந்த ஒரு வாரம் எங்கே. தொழில் குடும்பங்களே தயங்குவதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1963இன் தங்கக் கட்டுப்பாட்டில் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யத் தடை வந்து, பொற்கொல்லர் குடும்பங்கள் பல தெருவுக்கு வந்தன, தற்கொலைகள் நடந்தன. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் முழுதாக நீங்கியது. அதைக் கண்டவர்கள் பிள்ளைகளை இந்தப் பக்கம் அனுப்பத் தயங்கியதைக் குறை சொல்ல முடியுமா? இன்று கோவைப் பட்டறைகளில் வங்காளத்திலிருந்து வந்த இளைஞர்கள் நிறைய. வரவேற்போம், அவர்களும் நல்ல கலைஞர்கள். ஆனால் இங்கே கற்றுத்தரும் வாசலே இல்லாததால் நம் பிள்ளைகள் வராமல் போவது வேறு விஷயம்.

பெண்களுக்கு அந்த வாசல் இன்னும் இறுக்கமானது. நகை அணிபவர் பெண், பட்டறையில் உட்காருபவர் ஆண் என்பதே இங்கே நெடுங்கால வழக்கம். இதை உடைத்தது கல்லூரிதான். சென்னையில் 1995இல் தொடங்கிய நிஃப்ட் என்ற ஃபேஷன் கல்லூரியின் ஆக்சஸரி டிசைன் போன்ற வகுப்புகளில் பெண்கள் எண்ணிக்கை மிகுதி. தந்தையின் தொழில் என்ன என்று அங்கே கேட்பதில்லை. கலைப் பட்டத்துக்கு ஆதரவாக வேறு காரணமே இல்லாவிட்டாலும் இது ஒன்றே எனக்குப் போதும்.

முன்மாதிரிக்குக் கடல் கடக்க வேண்டாம். மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி நடக்கிறது. வைத்தியநாத ஸ்தபதியும் பின்னர் அவர் மகன் கணபதி ஸ்தபதியும் தலைமையேற்று வளர்த்த கல்லூரி அது. கல்லிலும் மரத்திலும் சுதையிலும் உலோகத்திலும் மாணவர் கைப்படச் செய்ய வேண்டும், சாத்திரமும் வரைகலையும் படிக்க வேண்டும், முடிவில் பட்டம். பரம்பரையாக வந்த ஓர் அறிவை எல்லோருக்கும் திறந்துவிட்டு, அதன் தரமும் குறையாமல் நடத்த முடியும் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக அது காட்டிவருகிறது. கல்லுக்குச் செய்ததைப் பொன்னுக்கு ஏன் செய்யவில்லை? நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்தோம். அந்த அரக்கு நிரப்பும் முறையும் சிவப்புக் கெம்புக் கல் பதிக்கும் முறையும் ஒரு பாடத்திட்டத்துக்குள் வராவிட்டால், குறியீடு மிஞ்சும், செய்பவர் மிஞ்சமாட்டார்.

இந்த வழியில் வர நினைக்கும் இளைஞருக்கு என் பரிந்துரை: எங்கே சேர்ந்தாலும் முதல் இரண்டு ஆண்டு செம்பிலும் வெள்ளியிலும் கைவேலை. பட்டறையில் தொடங்கியிருந்தால் மாலையில் வரைகலையும் கணினியும் படியுங்கள், மாற்றின் கணக்கையும் உலோகங்களின் குணத்தையும் எழுத்தில் படியுங்கள். கல்லூரிதான் என்று முடிவெடுத்தால், சேரும் முன் பணிமனையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மாணவருக்கு வாரம் எத்தனை மணி நேரம் மேசை கிடைக்கும், உலோகத்தை அவரே உருக்குவாரா, ஆசிரியர் கடைசியாகத் தன் கையால் செய்த நகை எது, புகை வெளியேற வழி இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் கட்டணத்தைக் கட்டாதீர்கள். கல் பரிசோதனை, தர முத்திரை, விற்பனை போன்ற வேலைகளுக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு கைவேலை தேவையில்லை. ரத்தினவியல் சான்றிதழ்கள் அவர்களுக்குப் போதும்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். கோவையிலும் நாகர்கோவிலிலும் மாமல்லபுரத்தை ஒத்த அரசு நகைக் கலைக் கல்லூரி ஒவ்வொன்று வேண்டும். பட்டறையில் பத்தாண்டு உழைத்தவர் கைவேலைத் தேர்வு எழுதி அதன் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர வழி வேண்டும். பட்டமில்லாத மூத்த ஆசாரிகள் அங்கே ஆசிரியர்களாக, பேராசிரியருக்குச் சமமான ஊதியத்தில், நியமிக்கப்பட வேண்டும். அவர்களில் பலருக்கு இப்போதே அறுபது கடந்துவிட்டது.